ஐந்து அளவுகள், ஒரு படுக்கை

காசநோய்க்கான சளிப் பரிசோதனையின் முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. அதன் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன நடக்கும்? நெடுங்காலம் நடந்தது இதுதான்: தேசியப் பதிவேடான நிக்‌ஷய் தளத்தில் பெயரைப் பதிவார்கள். எடையைப் பார்த்து மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பார்கள். ‘ஆறு மாசம், ஒரு நாள்கூட விடக் கூடாது’ என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள். பெரும்பாலோருக்கு அது போதும், குணமாகிவிடுவார்கள். சிலருக்குப் போதவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது வாரத்திலோ ஐந்தாவது வாரத்திலோ இறந்துபோனார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. மருந்து கிருமியைக் கொல்ல நாள் பிடிக்கும். அந்த நாட்களைத் தாங்குகிற தெம்பு அவர்கள் உடம்பில் மிச்சமில்லை.

இப்படிப்பட்டவர்களை முதல் நாளிலேயே அடையாளம் காண, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. முதலில் சென்னை நீங்கலான மாவட்டங்களில். அப்போது மாநிலக் காசநோய் அலுவலராக இருந்த டாக்டர் ஆஷா ஃபிரடெரிக்கும், சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் டாக்டர் ஹேமந்த் தீபக் ஷேவடேயும் இதில் முன்னின்றவர்கள். புது மருந்தும் கிடையாது, புது இயந்திரமும் கிடையாது. ஐந்து அளவுகள், ஒரு தாள், ஒரு இணையச் செயலி, ஒரு படுக்கை, அவ்வளவுதான். இவை எந்த வரிசையில் வருகின்றன என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். சுகாதாரத் துறையில் செயலி என்றால் முதலில் செயலியைச் செய்துவிட்டு, பிறகு அதை யார் கையில் திணிக்கலாம் என்று ஆள் தேடுவதுதான் வழக்கம். இங்கே செயலி கடைசிக்கு முந்தியதாக வருகிறது.

படிப்படியாகப் பார்ப்பதற்கு முன் ஒரு பழைய கதை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தாய் அது. அதுவரை காசநோய் என்றால் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். முட்டை, பால், நல்ல காற்று, முழு ஓய்வு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் நடந்த ஆய்வு, நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்துக்கும் மீதிப் பேரை அவரவர் குடிசைக்கும் அனுப்பியது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது: அரை வயிற்றுச் சோற்றோடு குடிசையில் கிடந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்துபோனதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். அது நியாயமான முடிவுதான். ஆனால் அதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் கொஞ்சம் அதிகப்படி. ‘படுக்கை யாருக்கும் வேண்டாம், சாப்பாடு பெரிய விஷயமில்லை’ என்ற அளவுக்குப் போய்விட்டோம். சராசரி நோயாளிக்குப் பொருந்தியதை, எழுந்து நிற்க முடியாதவருக்கும் பொருத்தினோம். வீட்டிலேயே குணமாக்கலாம் என்று நிரூபித்த அதே ஊரிலிருந்துதான், வீடு யாருக்குப் போதாது என்று கண்டுபிடிக்கும் முறையும் அறுபது ஆண்டு கழித்து வந்திருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஐம்பது வயதைத் தாண்டிய கட்டடத் தொழிலாளி. இரண்டு மாதமாக இருமல், சாயங்காலக் காய்ச்சல். மனைவி கூட வந்திருக்கிறார். லேப் டெக்னீஷியன் முடிவைச் சொல்லியாயிற்று. இப்போது அவர் முன்னால் உட்கார்ந்திருப்பது நுரையீரல் நிபுணர் அல்ல, ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அல்லது சுகாதாரப் பார்வையாளர். நோயாளி ‘மோசமான நிலையில்’ இருக்கிறாரா என்று அவர் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். நம் ஊரில் ஒல்லியான ஆளைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. ‘இவரு எப்பவுமே இப்படித்தாம்மா, ஒட்டுன உடம்பு’ என்று மனைவியே சொல்லிவிடுவார். கட்டட வேலை செய்கிறவர் என்றால் விலா எலும்பு தெரிவது அந்த வேலையின் அடையாளம்போல ஆகிவிட்டது. கண் பழகிப்போன ஒன்றைக் கண் காட்டிக்கொடுக்காது. அதற்கு எண் வேண்டும். நிபுணர் தலைக்குள் இருக்கும் அறிவைச் சுருக்கிச் சுருக்கி, ஐந்து எண்ணாக, ஐந்து பார்வையாக ஆக்கி இவர் கையில் கொடுக்க முடியுமா என்பதுதான் ஆய்வாளர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட கேள்வி.

ஐந்தும் இவை: பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண், இரண்டு கால்களிலும் வீக்கம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மோசம். 14க்கு மேல் 16 வரை இருந்து, இரு கால்களிலும் வீக்கமும் இருந்தால் அதுவும் மோசம். மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, தானாக நிற்க முடியாவிட்டாலோ மோசம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இதை ட்ரையேஜ் என்கிறார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களில் யாரை முதலில் தூக்குவது என்று தரம் பிரித்த வழக்கத்திலிருந்து வந்த சொல்.

எழுதிப் பார்த்தால் ஒரு பத்திதான். செய்து பார்த்தால் தெரியும் சங்கதி.

எடையிலும் உயரத்திலும் தொடங்கலாம், ஏனென்றால் பயிற்சியில் எல்லோரும் ‘இது தெரியாதா’ என்று அலட்சியமாகத் தாண்டுவது இதைத்தான். நம் கட்டடத் தொழிலாளியின் உண்மையான எடை 36 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை, மீட்டரில் எழுதிய உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 13.7 வரும். 14க்குக் கீழே, படுக்கை வேண்டியவர். இப்போது அவர் குளிருக்காகப் போர்த்தியிருக்கும் கனத்த துண்டு, சட்டைப் பையில் போன், இடுப்பில் சாவிக்கொத்து, காலில் செருப்பு என்று எல்லாமாக ஒரு கிலோ கூடினால் 37. கணக்கு 14.1 என்று சொல்லும். தாளில் ‘மோசமில்லை’ என்ற கட்டத்தில் டிக் விழும், அவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு துண்டும் ஒரு போனும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 160 சென்டிமீட்டர் உள்ளவரைச் செருப்போடு நிற்கவைத்து 162 என்று எழுதினால், அதே 36 கிலோவுக்கு 14.1க்குப் பதில் 13.7 வரும். இந்தத் தவறு உயிரைக் குடிக்காது. ஒரு படுக்கையை வீணாக்கும். படுக்கை குறைவான மருத்துவமனையில் அது இன்னொருவருடைய படுக்கை.

ஆகவே பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது செருப்பைக் கழற்றச் சொல்வது. கேலியாகச் சொல்லவில்லை. செருப்பு, துண்டு, போன் மூன்றும் வெளியே. எடை மெஷின் சமதரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் பார்க்கும்போது குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரைத் தொட வேண்டும், பார்வை நேரே இருக்க வேண்டும். இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் ஒருவருக்கும் நினைவில் நிற்காது. நல்ல பயிற்சியாளர் என்ன செய்வார் தெரியுமா? பத்துப் பேரை வரிசையாக நிற்கவைப்பார். ஒவ்வொருவரையும் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி மடித்துத் தர வேண்டும். பிறகு தாள்களைப் பிரித்துப் பலகையில் எழுதுவார். ஒரே ஆளுக்கு 158, 161 என்று இரண்டு உயரம் வந்திருக்கும். அறை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பாடம் தொடங்குகிறது. காணொளி பார்த்துச் சான்றிதழ் இறக்கிக்கொள்ளும் இணையவழிப் பயிற்சிகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. கை செய்கிற தவறைக் கைதான் பார்க்க வேண்டும்.

கால் வீக்கத்துக்குக் கட்டைவிரல் போதும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது சில விநாடி அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம். இரண்டு காலிலும் பார்க்க வேண்டும்; ஒரு காலில் மட்டும் இருந்தால் யானைக்கால், அடிபட்டது என்று வேறு கதையாக இருக்கலாம். இந்த வீக்கம் ஏன் பி.எம்.ஐ.யோடு சேர்கிறது என்பதை விளக்காமல் விட்டால், அது தாளில் இன்னொரு கட்டமாக மட்டுமே இருக்கும். உடம்பில் புரதம் வற்றிப்போனவர்களுக்கு நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர் எடை மெஷினில் சதையைப்போலவே கனக்கும். உண்மையில் 13 ஆக இருக்க வேண்டிய எண், நீரால் 15 என்று காட்டும். அதனால்தான் வீக்கம் இருப்பவர்களுக்கு வரம்பை 16 வரை உயர்த்தியிருக்கிறார்கள். காரணம் தெரிந்த நர்ஸ் அந்தக் கட்டத்தைத் தாண்டமாட்டார்.

மூச்சை எண்ணுவது ஐந்திலும் கடினம். ‘உங்க மூச்சை எண்ணப்போறேன்’ என்று சொன்ன அடுத்த நொடியிலிருந்து யாராலும் இயல்பாக மூச்சுவிட முடியாது. நீங்களும் இப்போது முயன்று பார்க்கலாம். அதனால் பழைய நர்ஸ்களின் தந்திரம் ஒன்று உண்டு. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்தில் வைப்பது. முழுதாக ஒரு நிமிடம். வெளியே இருபது பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு நிமிடம் என்பது நீளமானது, ஆகவே கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிவிடத் தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: 6 மூச்சு என்றால் 24, வீட்டுக்குப் போகலாம். 7 மூச்சு என்றால் 28, மருத்துவமனைக்கு. நடுவில் எதுவுமே இல்லை. ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டால் முடிவு தலைகீழாகிவிடும். வேறு எங்கே அவசரப்பட்டாலும் இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்படக் கூடாது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கொரோனாவுக்குப் பிறகு அறியாதவர் இல்லை. அந்த அறிமுகமே ஒரு தொல்லை; மாட்டினோம், எண் வந்தது, எழுதினோம். விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை நடுங்கினால் அது தவறான எண்ணைத் தயங்காமல் காட்டும். எண் மாறாமல் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி ஆக்சிஜனைச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பது அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. நமக்கு அது வெளிநாட்டுச் செய்தி அல்ல. 94 என்று ஒரு முறை, 93 என்று மறுமுறை காட்டினால் எதை எழுதுவது என்று கேட்டால், நான் 93ஐ எழுதச் சொல்வேன்.

நிற்கச் சொல்லிப் பார்ப்பது எளிது. ஆனால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தவரை, யாரும் தனியாக நிற்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. சொல்ல வேண்டும். நிற்க முடியாதவருக்கு உயரம் எப்படி அளப்பது என்று பயிற்சியில் தவறாமல் ஒருவர் கேட்பார். அளக்க வேண்டியதே இல்லை. நிற்க முடியவில்லை என்பதே முடிவைச் சொல்லிவிட்டது.

ஆக ஐந்து நிமிட வேலை. இதெல்லாம் முதலில் விழுவது ஒரு தாளில். ஒரே பக்கம். கணினி யுகத்தில் தாளா என்று கேட்டால், ஆமாம், தாள்தான். சிக்னல் இல்லை, கரண்ட் இல்லை, பாஸ்வேர்டு மறந்துபோயிற்று என்று தாள் ஒருநாளும் சொல்லாது. முடிவெடுப்பது தாளில், நோயாளி எதிரே இருக்கும்போதே. அந்த முடிவைப் பிறருக்குச் சொல்வதற்குத்தான் திரை.

அந்தத் திரையின் பெயர் டிபி சேவா. நிக்‌ஷய் 2012இல் வந்த தேசிய அளவிலான பதிவேடு. நோயாளியின் பெயர், மருந்து, ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் போடும் பணம் எல்லாம் அதில்தான். சேவா சின்னது. நோய் தெரிந்த தேதி, ட்ரையேஜ் தேதி, ஐந்து அளவுகள், எங்கே அனுப்பப்பட்டார், எப்போது சேர்க்கப்பட்டார், என்ன ஆனார். இவ்வளவையும் தாளிலிருந்து எடுத்துப் பதிய வேண்டும். இதில் நான் முக்கியமாகக் கருதுவது அளவுகளை அல்ல, தேதிகளை. நோய் தெரிந்த தேதிக்கும் ட்ரையேஜ் தேதிக்கும் நடுவே எத்தனை நாள்? ட்ரையேஜுக்கும் படுக்கைக்கும் நடுவே எத்தனை நாள்? இந்த இரண்டு இடைவெளியையும் மாவட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மறுநாள் காலையிலேயே பார்க்க முடிகிறது. முன்பெல்லாம் ஓர் இறப்பு மூன்று மாதம் கழித்து அறிக்கையில் ஒரு எண்ணாக வரும். இப்போது இறக்கக்கூடியவர் பெயரோடு, உயிரோடு இருக்கும்போதே திரையில் வருகிறார்.

ஆனால் திரையில் வந்த பெயரைப் படுக்கைக்குக் கொண்டுபோவது செயலியால் ஆகிற காரியமில்லை. இந்த முழு வேலையிலும் மிகச் சிரமமான படி இதுதான்.

‘ஐயா, உங்களை ஜி.எச்.ல சேர்க்கணும்.’

‘எதுக்கும்மா? மாத்திரை குடுங்க, வீட்ல இருந்தே சாப்பிடுறேன். பக்கத்துத் தெருவுல ஒருத்தன் அப்படித்தான் சாப்பிட்டுச் சரியானான்.’

அவர் சொல்வதும் உண்மைதான். பக்கத்துத் தெருக்காரர் அப்படித்தான் குணமானார். கூலிக்காரருக்கு ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பேருடைய கூலி போயிற்று. படுப்பவருக்கும் கூட இருப்பவருக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புவது, ஆட்டை யார் பார்ப்பது? சிலருக்கு ஜி.எச். என்றாலே அது ஆள் திரும்பி வராத இடம். இந்த இடத்தில் ‘உங்களுக்கு ரொம்ப சீரியஸ்’ என்று மிரட்டினால், அவர் பேருந்து ஏறி ஊருக்குப் போய்விடுவார், மறுபடி வரவேமாட்டார். எண்ணைக் காட்டிப் பேசுவதுதான் நல்ல வழி என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். ‘உங்க உசரத்துக்கு 36 கிலோ பத்தாதுங்கய்யா. மாத்திரை வீரியமானது, அதத் தாங்க உடம்புல தெம்பு வேணும். கொஞ்ச நாள் அங்க இருந்து தெம்பு ஏத்திக்கிட்டு வந்துடலாம்.’ அளவெடுக்கும்போது மனைவியும் கூட நின்று பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எடை மெஷினின் எண்ணை அவரும்தான் பார்த்தார். ‘எப்பவுமே ஒல்லிதான்’ என்று சொன்னவர், கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இப்போது எப்படித் தொங்குகிறது என்று தானாகவே சொல்லத் தொடங்குவார். பயிற்சியில் பாதி நேரத்தை இந்தப் பேச்சுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.

ஒப்புக்கொண்டால், அன்றைக்கே அனுப்ப வேண்டும், அனுப்புவதற்கு முன் அங்கே போனில் சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்கு நேரில் தெரியும். உறவினர் ஒருவரை ஒரு மருத்துவமனைக்குச் சீட்டோடு அனுப்பினார்கள். அங்கே புறநோயாளிப் பிரிவில் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்கவைத்து, மாலையில் ‘நாளைக்கு வாங்க’ என்றார்கள். சீட்டு கையிலேயே கசங்கிப்போயிற்று.

மருத்துவமனையில் மருத்துவர் மறுபடி முழுதாகச் சோதித்து, நிலைமை மோசம்தானா என்று உறுதிசெய்கிறார். ஆக்சிஜன், ரத்தச் சோகைக்குச் சிகிச்சை, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, வேறு கிருமித்தொற்று இருந்தால் அதற்கு மருந்து என்று மற்றவை வழக்கமானவை. வழக்கமில்லாத ஒன்று சாப்பாடு. பட்டினியில் வற்றிய உடம்புக்கு ஒரே நாளில் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் அது அன்பு மாதிரித் தெரியும், ஆளையே கொன்றுவிடும். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய மாவுச்சத்து உள்ளே போகும்போது, ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயம் தாளம் தவறும். அதனால்தான் எஃப்-75 என்ற பால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தொடங்குகிறார்கள். 100 மில்லிக்கு 75 கலோரி என்பதால் அந்தப் பெயர். குழந்தைகள் வார்டில் இது தெரிந்த சங்கதி. பெரியவர்களின் வார்டில் இதைக் கலக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே சமையற்கட்டிலும் ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. வீட்டிலிருந்து தூக்குவாளியில் குழம்புச் சோறு கொண்டுவரும் மனைவிக்கும் ஏன் இப்போது வேண்டாம் என்று விளக்க வேண்டும். சாப்பாட்டைத் தடுக்கிற மருத்துவமனையை யாரும் நல்ல மருத்துவமனை என்று நம்பமாட்டார்கள்.

மருந்தோடு சாப்பாடும் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு ஜார்க்கண்டில் நல்ல சான்று கிடைத்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நடத்திய ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவுப் பொட்டலம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. நம் 36 கிலோக்காரருக்கு 5 சதவீதம் என்றால் 1.8 கிலோ. அரசும் நோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக 2018 ஏப்ரல் முதல் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாயை, 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது.

சிறிய மருத்துவமனையின் மருத்துவருக்குச் சிக்கலான நோயாளி வந்தால் யாரைக் கேட்பார்? இதற்கு ஒரு வழியை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் சஞ்சீவ் அரோரா 2003இல் காட்டினார். கல்லீரல் நிபுணரான அவரைப் பார்க்க நோயாளிகள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் நோயாளிகளை வரவழைப்பதற்குப் பதில், கிராமத்து மருத்துவர்களை வாரந்தோறும் காணொளியில் கூட்டினார். ஒவ்வொருவரும் தன் நோயாளியின் கதையைச் சொல்ல, எல்லோரும் கேட்டு விவாதிப்பார்கள். எக்கோ என்று அதற்குப் பெயர். 2011இல் வெளியான ஒப்பீட்டில், கிராமத்து மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் பெற்றவர்களுக்குச் சமமாகவே குணமாகியிருந்தார்கள். சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், சிகிச்சைக்கு எளிதில் மசியாத நோயாளிகளைப் பற்றிக் காணொளியில் கலந்துபேசும் முறையை நடத்துகிறது. திரை வழியாகக் கற்பது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. செருப்பைக் கழற்றி உயரம் பார்ப்பதைத் திரையில் கற்க முடியாது. யோசிப்பதைக் கற்கலாம்.

2025இல் சேவாவில் ஒரு புது வசதி சேர்ந்தது. ஐந்து அளவுகளைப் பதிந்ததும், இந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அதுவே கணித்துச் சொல்லும். முன்பு பதிந்த பல்லாயிரம் நோயாளிகளின் விவரங்களிலிருந்து தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் செய்த கணிப்பு இது. மோசமில்லை என்று தரம் பிரிக்கப்பட்டவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம். மோசமானவர்களுக்கு 10 முதல் 50 சதவீதம்வரை. இதனால் என்ன லாபம்? நோய் தெரிந்ததிலிருந்து படுக்கைக்கு வர மாநிலத்தில் சராசரியாக ஒரு நாள்தான் ஆகிறது. ஆனால் சிலருக்குத் தள்ளிப்போகிறது. 10க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரிந்தால், எந்த வீட்டுக்கு முதலில் வண்டி போக வேண்டும் என்று தெரியும். எனக்கு இதில் ஒரு தயக்கமும் உண்டு. 50 என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் ஓடுவார்கள். சிலர் கையை விரித்துவிடுவார்கள். எண்ணைப் படிப்பதற்கும் பயிற்சி வேண்டும். நோயாளியிடமோ அவர் மனைவியிடமோ அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

வீடு திரும்பியபின் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் விட்டுப்போவது அதிகம். மருத்துவமனையிலிருந்து போகும் நாளன்றே ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் போக வேண்டும். போகாவிட்டால் நோயாளி இன்னும் வார்டில் இருப்பதாகவே ஊரில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, இறந்தவர்களின் தாள்கள். ஒவ்வொரு இறப்பையும் எடுத்து வைத்து, எந்தப் படியில் கை நழுவியது என்று பார்க்க வேண்டும். ட்ரையேஜ் நடந்ததா, நடந்தும் அனுப்பவில்லையா, அனுப்பியும் சேர்க்கவில்லையா, சேர்த்தும் சீக்கிரம் போய்விட்டாரா? இதைவிட எனக்குச் சுவாரசியமானது, இறக்காதவர்களின் தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. ஒரு சுகாதார நிலையத்திலிருந்து வந்த உயரங்களை வரிசையாகப் படித்தால் 150, 155, 160, 155, 150 என்று இருக்கும். மனிதர்கள் ஐந்தைந்தாக வளர்வதில்லை. மூச்சு எண்ணிக்கை 16, 20, 20, 24, 20 என்று போனால், அங்கே கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிறார்கள். ஆக்சிஜன் எல்லோருக்கும் 98 என்றால், கருவிக்கு பேட்டரி தீர்ந்து எவ்வளவு நாளாயிற்றோ தெரியாது. தாளில் மட்டும் இருந்தால் இது யார் கண்ணிலும் படாது. ஆயிரம் பதிவுகளைச் செயலி ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும்போது சட்டென்று தெரிந்துவிடுகிறது.

தெரிந்த பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதுதான் அலுவலக வழக்கம். அனுப்பினால் அடுத்த மாதத்திலிருந்து உயரங்கள் 151, 157, 162 என்று வரத் தொடங்கும். சுவரில் அளவுகோல் இல்லாமலேயே. அதனால் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் ஒரு காலை வேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அந்த நிலையத்துக்குப் போகிறார். பையில் ஒரு டேப், இரண்டு பேட்டரி. போனதும் முதலில் நர்ஸையும் லேப் டெக்னீஷியனையும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கச் சொல்கிறார்.